பழசையே குடு

— மூணு மணிக்குள்ள ஐடி கார்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க, அத்தான்.

— தெரியும். உட்காரு மாப்ள. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன்.

— அக்காவை விடுங்க. மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? வழி காட்டற சாஃப்ட்வேர்ல உன் மாட்யூல் வந்து ஆறு மாசமாச்சு, ஆம்புலன்ஸுக்கு இன்னும் அதே முட்டுச்சந்தைத்தான் காட்டுது, நீ எதுக்குன்னு கேட்டாரு.

— அந்த ஆளுக்கு வாய் நீளம். அட, விடு.

— நேத்துகூட பிரசவ வலியோட ஒரு பொண்ணை வச்சுக்கிட்டு சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுத்தாங்களாம். அந்த முட்டுச்சந்து என் மாட்யூல்ல இல்ல, அத்தான். நீங்க எழுதின பழைய மாட்யூல்லதான் இருக்கு. அதைச் சரிபண்ணத்தானே என்னை எடுத்தாங்க?

— நீ எழுதினது சரியா வரலைன்னா, அதை என் தலையில கட்டாத.

— என் மெஷின்ல ஒழுங்காத்தான் ஓடுது. எல்லார் எழுதினதையும் ஒண்ணாச் சேர்த்து சர்வர்ல பில்ட் பண்ணும்போதுதான் கெடுது. ஏன்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்.

— பார்த்து?

— பில்ட் சர்வர்ல ஒரு ரூல் உட்கார்ந்திருக்கு. யாரு என் மாட்யூலைப் பேர் சொல்லிக் கேட்டாலும் அதைக் குடுக்காத, பழசையே குடு. ஒரே ஒரு வரி. வெளியில போற சாஃப்ட்வேர்ல நான் எழுதினது ஒரு எழுத்துகூட இல்ல.

— குரலைக் குறை.

— அந்த சர்வர்ல கைவைக்க உங்க ஒருத்தருக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கு.

— கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— நான்தான் போட்டேன். நீ சேர்ந்த புதுசு. உன் மாட்யூல் எப்படி நடந்துக்கும்னு யாருக்குத் தெரியும்? உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வாரம் பார்ப்போம்னு போட்டேன். அப்புறம் வேலைக்கு மேல வேலை. சுத்தமா மறந்துட்டேன் மாப்ள.

— மறந்துட்டீங்க.

— சத்தியமா. உன்மேல எனக்கென்ன பகை? ஒரே வீட்டுல உட்கார்ந்து சாப்பிடறோம்.

— அப்ப மேனேஜர்கிட்ட வந்து அதைச் சொல்லுங்க. மறந்துட்டேன்னு சொன்னாப் போதும், என் வேலை தப்பிச்சுடும்.

— சொன்னா என் பேரு என்னாகும்? அட, விடு மாப்ள. இந்த இடம் இல்லைன்னா இன்னொரு இடம். நானே நாலு பேருகிட்ட சொல்லி வைக்கிறேன்.

— மறதிக்கு யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க, அத்தான். ரெண்டு வார்த்தை திட்டுவாங்க.

— மறதிதான்னு எத்தனை தடவைடா சொல்றது? போட்டதோட சரி. அதுக்கப்புறம் அந்த ரூல் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்கலை.

— சரி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.

— கேளு.

— போன வெள்ளிக்கிழமைதான் என் மாட்யூலோட பேரை மாத்தினேன். ரூல்ல பழைய பேரே இருந்திருந்தா அது என் மாட்யூலைப் பிடிச்சிருக்காது, இந்த வாரம் என்னுதுதான் ஓடியிருக்கும். ஆனா இன்னிக்கு ரூல்ல இருக்கறது புதுப் பேரு. அதை யாரு அத்தான் மாத்தினது?