ஏழாம் தொட்டியின் பக்கம்

முகவரி சுத்தமாக இருந்தால்தான் எனக்கு மனசு நிற்கும். வீட்டு முகவரியைச் சொல்லவில்லை, இணையப் பக்கத்தின் முகவரியை. எண்ணும் கேள்விக்குறியும் குப்பையுமாக நீளும் முகவரியைக் கண்டால், சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைப் பார்த்த மாதிரி கை பரபரக்கும்.

நீங்கள் கேட்டது இந்த ஸ்டேஷன் மேசைமேல் இருக்கும் அந்த செல்போனைப் பற்றி, சார். அதற்கு வருகிறேன். முகவரியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆலையில் கண்ணாடியை அமிலத்தில் முக்கி, பனி படர்ந்த மாதிரி ஆக்குவார்கள். குளியலறைக் கதவு, அலுவலகத் தடுப்பு, இப்படி. என் அப்பா அங்கே தொட்டி வேலை பார்த்தவர். வலது கையில் ஒரு விரலுக்கும் நகம் கிடையாது. சட்டைப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிடுவார். எனக்கு அதே ஆலையின் மாடி அலுவலகத்தில் கணினி வேலை கிடைத்த அன்று ஒன்றே ஒன்று சொன்னார். "கீழ இறங்காதடா. என்ன ஆனாலும் மாடியிலயே இருந்துக்கோ." நான் இறங்கவில்லை.

மாடியில் நாங்கள் இரண்டு பேர். நிரல் எழுதுவது நான். பக்கங்களில் போட வேண்டியதை எழுதுவது ஓர் அக்கா. இருவருமே ஒப்பந்தக்காரர்கள். வேலை முடிந்ததும் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வேலை இதுதான். ஒவ்வொரு தொட்டியிலும் சதுரக் குறி போட்ட ஒரு ஸ்டிக்கர். அதை செல்போனில் காட்டினால் அந்த அமிலத்துக்கான பக்கம் திறக்கும். மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். அதற்கு முன்பு சுவரில் தகரப் பலகைகளில் எழுதி வைத்திருந்தார்கள். பலகைகளைக் கழற்றச் சொன்னது நான். ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருந்தால் ஏதாவது ஒன்று பழையதாகிவிடும். அதில் நியாயம் இருக்கிறது.

பக்கங்களை அக்கா சி.எம்.எஸ்ஸில் சேர்ப்பார். நிரல் தெரியாதவர்களும் பக்கம் சேர்க்க, திருத்த வசதியான மென்பொருள் அது. சேர்க்கச் சேர்க்க முகவரி தானாக உண்டாக வேண்டும். அதற்கு இரண்டு வழி. பக்கத்துக்கு ஒரு மாறாத எண் கொடுக்கலாம். அல்லது தலைப்பையே முகவரியாக்கலாம்.

"நம்பரே போட்டுடு தம்பி" என்றார் அக்கா. "தலைப்ப நான் பத்து தடவ மாத்துவேன். என் கை சும்மா இருக்காதுன்னு உனக்கே தெரியும்."

"நம்பர் போட்டா ஜெயில் கைதி மாதிரி இருக்கும்க்கா."

"கைதின்னா என்ன, எந்த ரூம்ல இருக்கான்னாவது தெரியுமில்ல."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, பெயர்தான் பார்க்க அழகு, தலைமை அலுவலகத்துக்குப் பிடிக்கும் என்று என் பக்கம் முடிவு சொன்னார். "ஆனா ஒரு தடவ 'பக்கம் இல்லை'ன்னு வந்துச்சு, அன்னிக்கே நம்பருக்கு மாறிடணும்" என்றார்.

ஆகவே 'பக்கம் இல்லை' வராமல் ஒரு விதி எழுதினேன். முகவரி படிக்கட்டு மாதிரி. முதலில் பிரிவு, அதற்கு மேல் பக்கம். கேட்ட பக்கம் கிடைக்காவிட்டால் ஒரு படி இறங்கி, பிரிவின் பொதுப் பக்கத்தைக் காட்ட வேண்டும். 'அமிலம்' என்பது பிரிவு. 'ஏழாம் தொட்டி' அதில் ஒரு பக்கம்.

அமிலத்தின் பொதுப் பக்கத்தில் இருந்தது: பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவவும். எரிச்சல் குறைந்தால் வேலைக்குத் திரும்பலாம்.

ஏழாம் தொட்டியின் பக்கத்தில் இருந்தது: கழுவிய கையோடு முதலுதவிப் பெட்டியின் களிம்பைத் தடவவும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். அந்த அமிலம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி, ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடும்.

பிறகு தொட்டிகளை இடம் மாற்றினார்கள். ஏழாவது மூன்றாவதாகிவிட்டது. எல்லோரும் ஏழு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, தலைப்புல தொட்டி நம்பர் வேணாம், அமிலத்தோட பேரையே போட்டுடறேன்" என்றார் அக்கா. "பழைய ஸ்டிக்கர் வேலை செய்யுமில்ல?"

"செய்யும்க்கா."

அது பொய்யில்லை. ஸ்டிக்கரைக் காட்டினால் ஒரு பக்கம் திறக்கும்.

எந்தப் பக்கம் என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. யார் எந்த முகவரியைக் கேட்டார்கள், எது காட்டப்பட்டது என்று பதிவேடு ஒன்று தானாக எழுதிக்கொண்டே போகும். தலைப்போடு முகவரியும் மாறிவிட்டது, ஸ்டிக்கரில் இருந்தது பழைய முகவரி. கேட்டது ஏழாம் தொட்டி. காட்டியது அமிலத்தின் பொதுப் பக்கம். பதினொரு நாள் அதைப் பார்த்தேன். சரிசெய்ய ஒரு வரி போதும். ஆனால் எந்த மாற்றத்துக்கும் காரணம் எழுதி மேனேஜரிடம் காட்ட வேண்டும். தலைமை அலுவலகத்தார் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் செய்யலாம் என்று வைத்தேன். ஏழாம் தொட்டியில் நின்றவர்கள் பழையவர்கள், அவர்களுக்குப் பக்கமே தேவையில்லை.

என் தங்கச்சியின் கணவர் பழையவர் இல்லை. மெருகுப் பிரிவில் இருந்தார். தூசு ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே இருந்தார். மேனேஜரிடம் பேசி அவரை ஏழாம் தொட்டிக்கு மாற்றியதும் நான்தான். ஆலையில் அவருக்கு 'வக்கீல்' என்று பட்டப்பெயர். ஒரு சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் அதை இரண்டு தடவை படிப்பார்.

தலைமை அலுவலகத்தார் மூன்று மணிக்கு வருவதாக இருந்த அன்று, தொட்டியில் அவருக்கு மூன்றாவது நாள். பத்து நாற்பதுக்குப் பதிவேட்டில் மறுபடியும் விழுந்தது: கேட்டது ஏழாம் தொட்டி, காட்டியது பொதுப் பக்கம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை குழாயடியில் நின்றிருந்தார். கையுறை கிழிந்து தரையில் கிடந்தது. முழங்கைவரை தண்ணீரில் காட்டியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முதலில் நிரலைச் சரிசெய்யும் அந்த ஒரு வரியை எழுதினேன். மூன்று நிமிடம் பிடித்தது. பழைய முகவரி இனி சரியான பக்கத்துக்குப் போகும். காரணம் எதுவும் எழுதி வைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோதும் அவர் கழுவிக்கொண்டேதான் இருந்தார். பதினைந்து நிமிடம். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு அறையில் பார்த்தேன். கை வலிக்கிறது என்றார், சரியாகிவிடும் என்றேன். இதை ஆலை விசாரணையிலேயே சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு எல்லாம் நல்லபடியாக நடந்தது. வந்தவர்களில் ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றே முக்காலுக்கு மாப்பிள்ளை தொட்டியடியில் சுருண்டு விழுந்தார். வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது நான். எப்போது பட்டது என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன். ஐந்தரைக்கு முடிந்துவிட்டது.

பதிவேட்டில் பொதுப் பக்கம் காட்டிய வரிகளையெல்லாம் அன்றே அழித்தேன். மறுநாள் விசாரணைக்காரர்கள் ஸ்டிக்கரைக் காட்டிப் பார்த்தார்கள். களிம்பு, ஆஸ்பத்திரி, எல்லாம் சரியாக வந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அக்காவை அந்த மாதக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

தங்கச்சிக்குக் 'கவனக்குறைவு' என்ற அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. "எதையும் ரெண்டு தடவ படிக்கிற ஆளுண்ணே. கவனமில்லாம செத்துட்டாருன்னு எழுதிட்டாங்களே. புள்ளைங்க அப்படியா நெனச்சுக்கிட்டு வளரணும்?" என்று கேட்டாள். விதி என்றேன். அவருடைய செல்போனை அவள் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதில் காலையில் பார்த்த பக்கத்தை அவர் படம் பிடித்து வைத்திருந்தது நீங்கள் காட்டும்வரை எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பத்துக்கு அவர் மறுபடியும் அதே முகவரியைத் திறந்திருக்கிறார், அப்போது சரியான பக்கம் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தவர் ஏன் அதன்படி செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அவர் என் எதிரில் உட்கார்ந்துதான் திறந்தார்.

"மச்சான், இதப் பாரு. காலையில வெறும் தண்ணின்னு போட்டிருந்துச்சு. இப்ப களிம்பு, ஆஸ்பத்திரின்னு வருது. எது சரி? எலும்புக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

அடுத்த மேசையில் மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குரலை உயர்த்தவில்லை.

"அது வேற தொட்டிக்கு மாப்ளே. காலையில பாத்ததுதான் உனக்கு."

"அப்ப இது?"

"இத மூடிடு."

சரியான பக்கம் அவர் கையில் திறந்திருந்தது. மூடச் சொன்னது நான்.