நான்கு மூலையும் பார்த்தவருக்கு

முப்பத்தோராண்டு முனை மழுங்காத பேனாவுக்கும் முகம் கோணாத பொறுமைக்கும் சொந்தக்காரரே! ஆலைச் சங்கு ஊதுமுன் அலுவலகம் அடைந்து, அது அடங்கிய பின்னும் அலமாரிப் பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்த பிறகே அகன்ற எங்கள் மேலாளரே! அஞ்சல் பிரிவில் எழுத்தராய் அடியெடுத்து வைத்து, அச்சத்தையே அணிகலனாய்ப் பூண்டு, அதனாலேயே உயர்ந்த திருநகர் ஹாலாஸ்யம் அவர்களே! உங்கள் பணிநிறைவு நாளான இன்று, உங்களுக்குக் கீழ் பணியாற்றிய நாங்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் பாராட்ட வேண்டும். நேர்மை, நேரந்தவறாமை, நிதானம் என்று அடுக்கினால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். ஆனால் அவையெல்லாம் ஓய்வு பெறும் நாளில் எல்லார் மேலும் வந்து ஒட்டிக்கொள்ளும் குணங்கள். உங்களிடம் மட்டுமே இருந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். அது பயம். ‘நீங்கள்’ என்று விளித்துச் சொன்னால் பாதியில் எழுந்து மறுத்துவிடுவீர்கள். ஆகவே யாரோ ஒரு ஹாலாஸ்யத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த ஹாலாஸ்யத்துக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் குடையோடு வருவார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது, பட்டம் இல்லாதவருக்கு மேலாளர் பதவி கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்தச் சமயம் ஊருக்குள் ஒரு மாலைக் கல்லூரி, வணிக நிர்வாகத்தையும் தொழில்முறைத் தொடர்பியலையும் சேர்த்து மூன்றாண்டில் இரட்டைப் பட்டம் தருவதாக ஒரு படிப்பைத் தொடங்கியிருந்தது. ஹாலாஸ்யம் யாரிடமும் மூச்சுவிடாமல் போய்ச் சேர்ந்தார்.

மகன் வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்காருவது தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று பயம். வீட்டில் கேட்டால் ஆபீசில் ஆடிட் என்பார். ஆபீசில் கேட்டால் கோயிலுக்குப் போகிறேன் என்பார். மூன்று வருஷம் இப்படியே ஓட்டினார். அத்தனை ஆடிட் நடந்த ஆலை உலகத்திலேயே இல்லை.

நிர்வாகப் பாடங்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுதச் சொன்ன தேர்வையெல்லாம் எழுதித் தள்ளிவிட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. தொடர்பியல் பட்டத்துக்காக மூன்று பேர் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். ஒரு பட்டத்தில் தவறினால் இன்னொன்றும் கிடையாது என்பது அந்தப் படிப்பின் விதி. ஆக, மூன்று வருஷத்து உழைப்பும் மேலாளர் நாற்காலியும் அந்தப் பத்து நிமிடத்தில் தொங்கின. தேர்வு வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. திருச்சியில் மாமியார் வீட்டில் மகள் அனந்தலக்ஷ்மி இரண்டாம் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கவலை வேறு.

புதன்கிழமை மதியம் மூன்றரை மணிக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மனைவி விஜயம் பேசினார்.

“மூலையில கறுப்பா ஒரு கவர் வந்திருக்கு. நான் தொடலை. தபால்காரரைக் கேட்லயே சொருகச் சொல்லிட்டேன். உடனே வாங்கோ.”

மூலையில் கறுப்பு மை பூசிய கடிதம் என்றால் சாவுச் செய்தி என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டு, தலை முழுகிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஹாலாஸ்யம் ரிசீவரைத் தலைகீழாக வைத்துவிட்டு, எங்களிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே, குடையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு நடந்தார். ஆலை வேன் ஓட்டும் சோணைமுத்து வண்டியை எடுத்தார். வீட்டில் அந்த அம்மாள் தனியாக இருக்கிறாரே என்று தட்டச்சர் அன்னக்கொடியும் கூட ஏறிக்கொண்டாள்.

“பொண்ணுக்கு ஏதாச்சும்னா தந்தி வந்திருக்கும் சார். லெட்டரா போடுவாக?” என்றாள் அன்னக்கொடி, வழியில்.

“தந்தி தவறிப் போயிருந்தா?”

சோணைமுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

திருநகர் வீட்டின் கம்பிக் கேட்டில் அந்தக் கவர் சொருகியிருந்தது. இரண்டு மூலை கறுப்பு. விலாசம் ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. விஜயம் வாசற்படியை விட்டு இறங்காமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஹாலாஸ்யம் கவரைப் பார்த்தார், தொடவில்லை. சுவரோரமாக நடந்து குழாயடிக்குப் போனார். செய்தி கேட்ட பிறகுதான் முழுக்கு என்பது சாத்திரம். அவர் செய்தியைக் கேட்குமுன்பே, சட்டையோடு, இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். எப்படியாவது அந்தக் கவரைப் பிரிக்கும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்று அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சொட்டச் சொட்ட வந்து நின்று, “கிழிச்சுடும்மா” என்றார் அன்னக்கொடியிடம்.

“படிக்காமயா?”

“படிச்சாத்தானே நடந்ததா ஆகும். படிக்காட்டா இல்லை. கிழிச்சுடு.”

பெரியவர் சொல்லும்போது அவள் என்ன செய்வாள்? கவரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு நொடி போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கட்டைவிரலில் ஏதோ பிசுபிசுத்தது. விரலைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பதினொரு வருஷமாக அவள் கையை விட்டுப் போகாத வாசனை அது.

“சார், இது சாவு மை இல்ல. ஸ்டென்சில் மை. நகலெடுக்குற சைக்ளோஸ்டைல் உருளைய உருட்டுன கையோட எவனோ கவரப் பிடிச்சிருக்கான்.”

“நன்னாப் பாரும்மா” என்றார் விஜயம் படியிலிருந்து.

அன்னக்கொடி பிரித்து உரக்கப் படித்தாள். இரட்டைப் பட்ட மாணவர் ஹாலாஸ்யம் அவர்களுக்கு: வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த வாய்மொழித் தேர்வு இவ்வாரப் புதன்கிழமை மாலை ஐந்தரைக்கே மாற்றப்பட்டுள்ளது. இந்த வகுப்புடன் இப்படிப்பு நிறுத்தப்படுவதால் வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை.

“யாரு மாணவர்?” என்றார் விஜயம். “அப்போ மூணு வருஷமா ஆடிட்னு சொன்னது?”

“எங்ககிட்டக் கோயில்னு சொன்னாக” என்றாள் அன்னக்கொடி.

ஹாலாஸ்யம் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். மகள் நன்றாக இருக்கிறாள் என்ற நிம்மதி முகத்தில் பரவி முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. விஜயம் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு துண்டும் வேட்டி சட்டையும் கொண்டுவந்தார். “சண்டையை ராத்திரிக்கு வெச்சுக்கறேன். மொதல்ல தலையைத் துவட்டுங்கோ. மணி நாலரை ஆறது.”

பழங்காநத்தம் ரயில்வே கேட்டில் வேன் மாட்டிக்கொண்ட பதினைந்து நிமிடத்தை சோணைமுத்து சாகும்வரை மறக்க மாட்டார். “சார் உதட்ட மட்டும் அசைச்சுக்கிட்டே இருந்தாரு, சத்தமே வரல” என்பார். ஐந்து இருபத்தெட்டுக்குக் கல்லூரியில் இறக்கிவிட்டார். அவரும் அன்னக்கொடியும் தாழ்வாரத்து ஜன்னலோரம் ஒதுங்கி நின்றார்கள்.

தேர்வாளர் கேட்டார்: ஒரு நிறுவனம் கெட்ட செய்தியைப் பிறருக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும்? ஹாலாஸ்யம் எழுந்து நின்றார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவது நிமிடமும் போயிற்று. மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. வெளியே அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். தமிழில் பேச ஆரம்பித்தார்.

“இது நீங்க எனக்குப் போட்டு இன்னிக்கு வந்த கடுதாசி. உள்ளே இருக்கிறது வெறும் தேதி மாத்தம். ஆனா மூலையைப் பாருங்கோ. என் ஆத்துக்காரி இதைத் தொடலை. நான் செத்தது என் பொண்ணுன்னே முடிவு பண்ணிட்டேன். தலை முழுகிட்டு வந்திருக்கேன், ஈரம் இன்னும் காயலை. எழுதினவன் என்ன எழுதினான்கறது அப்புறம். வாங்கினவன் கண்ணுல மொதல்ல என்ன பட்டதுங்கறதுதான் கடுதாசி.”

பிறகு எட்டு நிமிடம் நிற்காமல் பேசினார். தேர்வாளர்களில் ஒருவர் கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் விரலிலும் மை ஒட்டியது.

இரண்டு பட்டமும் வந்தன. நாற்காலியும் வந்தது. பத்தாம் நாள் திருச்சியிலிருந்து தந்தியும் வந்தது, பேத்தி. அந்தத் தந்தியையும் அன்னக்கொடியைத்தான் பிரிக்கச் சொன்னார்.

இனி ‘நீங்கள்’ என்றே சொல்லலாம் ஐயா. மறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அன்று முதல் இந்த அலுவலகத்திலிருந்து நீங்கள் நான்கு மூலையும் பார்க்காமல் ஒரு கடிதமும் போனதில்லை. டி. கல்லுப்பட்டி வியாபாரிக்குப் போக வேண்டிய ஒரே கடிதத்தை, பெருவிரல் அளவு கறைக்காக மூன்று முறை அடிக்க வைத்தீர்கள். முதுகுக்குப் பின்னால் உங்களைக் கிறுக்கு என்றோம். மன்னியுங்கள். முகமறியாத ஒரு வீட்டு வாசலில் முந்தானையை வாயில் வைத்து நிற்கப்போகும் ஒருத்திக்காக நீங்கள் இங்கே உட்கார்ந்து பயந்தீர்கள். நாளை முதல் அந்தப் பயம் எங்களுடையது. உங்களைப் போல் பயப்பட எங்களுக்கு வருமா என்பதே இப்போது எங்கள் பயம்.

பட்டம் இரண்டு பெற்ற பண்பாளரே, பல்லாண்டு வாழ்க! உடல் நலமும் உள்ள நலமும் உற்றார் சூழலும் ஓங்கி நிலைக்க! போன் மணி கேட்டால் பேத்தியின் குரல்தான் என்று எண்ணிப் புன்னகைக்கும் முதுமை உங்களுக்கு வாய்க்க!

இந்த மடலை அன்னக்கொடி அடித்தாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தாளைத் தொட்டாள். நான்கு மூலையும் நாங்கள் எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துவிட்டோம். நான்கிலும் மஞ்சள் பூசியிருக்கிறோம். விஜயம் அம்மாள் இதைக் கேட்டிலேயே நிறுத்த வேண்டாம். நேரே வீட்டுக்குள் எடுத்துப் போகலாம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
அலுவலகப் பணியாளர்கள்

மதுரை
30.6.1986