ஆறு தரம் வெடித்த கோது

"ஆறு தரம் மருந்தடைச்சு வெடிச்சாச்சு. இப்ப வாய் கிழிஞ்சிட்டுது, பாவம்."

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்தவர், வெறும் தோட்டாக் கோது ஒன்றைப் பார்த்துச் சொன்னார். வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுடும் பயிற்சி முடித்து, அவரும் மனைவியும் திரும்புகிறார்கள்.

"சனிக்கிழமைப் போட்டிக்கு எத்தினை தேறும்?" என்றார் மனைவி.

"கடையில புதுசு வாங்குவமே?" என்றார் அவர்.

"வேண்டாமப்பா. கடைத் தோட்டா தோளில உதைக்குது. போன போட்டியில அந்தப் பயத்தில கண்ணை மூடிச் சுட்டு, ஒரு தட்டும் விழேல்லை. நீங்கள் மருந்து குறைச்சு அடைக்கிறதுதான் எனக்குச் சரி."

அவர் பையிலிருந்த கோதுகளின் வாயை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"இருபத்தஞ்சுதான் தேறும். ஒரு தட்டுக் குறி தப்பினால் அதுக்கு ரெண்டாம் வெடி வைக்க ஒண்டுமில்லை."

"தட்டும் இருபத்தஞ்சுதானே? தட்டுக்கு ஒரு வெடி காணும், அடையுங்கோ."