ஒன்பது கேள்விப் பேப்பர்

அட, முட்டிவலிக்கு வந்தவன்கிட்ட எதுக்கு மனசப் பத்தின பேப்பருன்னுதானே முறைக்கிறீங்க? குடுங்க இப்படி. இங்க யாரு வந்தாலும் இதுதான். தலைவலி, வயித்துவலி, தூக்கமில்ல, யாரா இருந்தாலும் ஒன்பது கேள்வி. இந்த ஆஸ்பத்திரியில சீட்டு குடுக்குற கவுன்டர்ல பதினோரு வருஷமா குப்ப கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?

சரிதான், நீங்க சொல்றத நானும் சொல்லியிருக்கேன். இப்பல்லாம் யாரப் பாத்தாலும் மனச்சோர்வுன்னு எழுதிடறாங்க, அந்தக் காலத்துல ஏது இதெல்லாம்னு. டீ குடிக்கிற எடத்துல டாக்டருங்கள நான் கிழிச்ச கிழி இருக்கே!

அப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு, கேளுங்க. மத்த ஆளு உக்கார்ற நாள்ல பத்துப் பேருல ஒருத்தருக்கு மனச்சோர்வுன்னு வந்தா, என் டியூட்டியில மூணு பேரு, நாலு பேருக்கு வருது. டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ஏம்ப்பா, நீயே இஷ்டத்துக்கு டிக் போட்டுத் தள்றியான்னு கேட்டாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. ஒரு வாரம் என்ன மருந்து ரூமுக்குத் தூக்கிப் போட்டாங்க. கவுன்டர்ல பழையபடி பத்துக்கு ஒண்ணாயிருச்சு. நான் திரும்பி வந்தேன், திரும்ப நாலு. டாக்டரம்மா அந்த நாலு பேரையும் உள்ள கூப்பிட்டு நிதானமாப் பேசிப் பாத்தாங்க. அத்தனையும் நெசம்.

என்ன பண்ணேனா? ஒண்ணும் பண்ணலைங்க. மத்தவங்க பேப்பரையும் பேனாவையும் நீட்டிட்டு விட்டுடுவாங்க. ஜனங்க கடகடன்னு இல்ல, இல்ல, இல்லன்னு போட்டுக் குடுத்துடும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாப் படிச்சுக் கேப்பேன். ஒரு லாரி டிரைவர் வந்தாரு, ஆறடி ஆளு, இடுப்பு வலின்னு. எதுலயும் ஆர்வம் இல்லாம இருக்கான்னேன். சேச்சே, அதெல்லாம் இல்லன்னு சிரிச்சாரு. நான் டிக் போடப் போறேன், மனுஷன் பொலபொலன்னு அழறாரு. எத்தன மாசமா இப்படின்னா, ஒரு வருஷமாங்கறாரு. யார்கிட்டயும் சொல்லலியான்னா, யாரும் கேக்கலியேங்கறாரு. அதாங்க விஷயம். புதுசா ஒண்ணும் மொளைக்கல. முன்னாடியும் இருந்துச்சு, கேக்கத்தான் ஆள் இல்ல.

என் வீட்லயா? நான் மட்டும்தான். பொண்டாட்டி போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. பையன் வெளியூர்ல, வாரத்துக்கு ஒரு வாட்டி போன் பண்ணுவான். நல்லா இருக்கியாப்பான்னு அவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள, எனக்கென்னடா, ஜம்முன்னு இருக்கேன்னுடுவேன். அவனுக்கும் நிம்மதி. அவன் வச்சப்புறம் அந்த போனக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். லைட்டுகூடப் போடத் தோணாது. பாழாப்போன வீடு, ஒரு சத்தம் இருக்காது.

கவுன்டருக்குப் போகலியாவா? இல்லைங்க, இன்னிக்கு எனக்கு லீவு. டாக்டரம்மாவப் பாக்கத்தான் வந்தேன். இந்தாங்க, இது என் பேப்பரு. காலையிலேர்ந்து மூணு எழுதிக் கிழிச்சுட்டேன். ஒன்பதுக்கும் இல்ல, இல்லன்னே கை போகுது. ஊரயெல்லாம் கேட்டவன், என் பேப்பர்ல நானே பொய் எழுதுறேன்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? கொஞ்சம் படிச்சு என்னக் கேக்குறீங்களா?