சல்மா உம்மா தொதல்

மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துத் தொதல் கிண்டும்போது பக்கத்தில் நின்று கதை கொடுக்கக் கூடாது, பிள்ளைகளே. கை ஒரு கணம் நின்றாலும் தாச்சி அடிபிடித்துவிடும். அதனால் வாய் திறவாமலே என் காலம் போயிற்று. இப்போது கையும் ஓய்ந்துவிட்டது. கிட்ட வந்து இருங்கள், சொல்கிறேன்.

வாப்பா மௌத்தான பிறகு எங்கள் உம்மா சல்மா தொதல் கிண்டித்தான் என்னையும் தங்கை நதீராவையும் வளர்த்தார். கல்முனையில் கலியாண வீடென்றால், "சல்மா உம்மாட தொதல் வந்திட்டா?" என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நான் கலியாணம் முடித்தபோது உம்மா தான் இருந்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தார். அடுப்பும் தாச்சியும் வீட்டோடு வந்தன. தொதலைப் பெட்டியில் அடைத்து, 'சல்மா உம்மா தொதல்' என்று லேபல் ஒட்டி, அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பத் தொடங்கியது நான். பெயரும் வீட்டோடு சேர்த்தி என்றே நினைத்திருந்தேன்.

நதீராவுக்கென்று உம்மா சாய்ந்தமருதில் கட்டிய வீட்டை எழுபத்தெட்டுச் சூறாவளி கொண்டுபோனது. வீடில்லாத பெண்ணை யார் கலியாணம் முடிப்பார்? பளீல் முடித்தார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சில வருசங்களில் அவர் கொழும்புக்குப் போய், அந்தத் தொதல் பெயரைத் தன் மனைவிக்குப் பதிந்து தரும்படி விண்ணப்பம் போட்டார். நான் ஆட்சேபித்தேன்.

என் சட்டத்தரணி அப்துல் ஹமீட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"லேபல முதல் அடிச்சது நீங்க, கமீலா ராத்தா. அது நமக்குப் பலம். ஆனா பேருக்குரிய ஆள் உயிரோட இரிக்கா. அவ யாருக்குச் செல்றாவோ அவருக்குத்தான் பேர்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

உம்மாவிடம் போனேன். "கொழும்புல கேட்டா என்ன செல்லுவீங்க, உம்மா?"

"உள்ளதச் செல்லுவன். உனக்கு வீட்டத் தந்தன். அவள்ட வீடு காத்தோட போயிற்று. பேரத்தான் அவளுக்குச் சீதனமாக் குடுத்தன்."

"பேரச் சீதனமாக் குடுத்த கதை எங்கயும் இரிக்கா?"

"வேற என்ன, மகள், என்ட கையில இரிக்கி?" என்று சிரித்தார்.

அப்போது உம்மா என்னோடுதான் இருந்தார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. சிரட்டை வெட்டிய காலில் புண் ஆறாமல் கிடந்தது. நதீரா பார்க்க வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "ராத்தா, இனிப்பக் கண்ணாலயும் காட்டப்படா எண்டு டொக்டர் செல்லியிரிக்காரு. நீங்க இரிக்கீங்க எண்டுதான் நான் நிம்மதியாக் கிடக்கன்."

வழக்காடுகிறவளிடம் தாயை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள். அவள் சுபாவம் அது.

நான் உம்மாவுக்கு இனிப்புக் கொடுக்கவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. தாச்சியை இறக்குமுன் உம்மா ஒரு துண்டு வாயில் போட்டுப் பதம் பார்ப்பார். அவர் தலையசைக்காத தொதலை அறுக்க மாட்டோம். வருத்தம் வந்தபின் அந்த முறையை விட்டிருந்தோம். உம்மாவோடு கதைத்த மறுநாள் நானே ஒரு துண்டை வாழையிலையில் வைத்துக் கொண்டுபோனேன்.

"பதம் பாருங்க உம்மா. உங்கட பேர்ல போற சாமான்."

உம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. "டொக்டர் அறிஞ்சா ஏசுவாருகா."

"பதம் பாக்கிறது தின்னுறதா?"

பிஸ்மி சொல்லி வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "கருப்பட்டி காணாது" என்றார். அடுத்த தாச்சிக்குக் கூட்டிப் போட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. ஓடர் குவிந்தது. பெரிய தாச்சியில் ஒரேயடியாகக் கிண்டியிருக்கலாம். நான் சின்னத் தாச்சிகளாகப் பிரித்துக் கிண்டினேன். ஒவ்வொரு தாச்சிக்கும் பதம் வேறல்லவா? இலையில் வைப்பதோடு என் வேலை முடிந்தது. எடுத்து வாயில் போட்டது உம்மாவின் கை.

கால் கறுத்து வந்தது. மஞ்சள் அரைத்துப் பூசினேன், பக்கத்திலிருந்து விசிறினேன், மலசலம் எடுத்தேன். "மகள் எண்டா கமீலாதான்" என்று பார்க்க வந்த பெண்கள் சொன்னார்கள். நான் அழுத அழுகை பொய்யில்லை, பிள்ளைகளே. உம்மா மெலிய மெலிய எனக்கும் சோறு இறங்கவில்லை.

உம்மாவால் கொழும்புக்குப் பயணம் செய்ய ஏலாது என்றானபின், பளீல் வாக்குமூலம் எழுத ஒரு சமாதான நீதவானை வீட்டுக்கே கூட்டிவர ஒழுங்கு செய்தார். படுத்தபடி உம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலையில் அவர்கள் வந்தார்கள். உம்மா கண் திறக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மௌத்தானார்.

நதீரா என் தோளில் விழுந்து கேட்டாள்: "உம்மா கடைசியா என்ன செல்லிச்சி, ராத்தா?"

"பதம் சரி எண்டு செல்லிச்சி."

அதைக் கேட்டு அழுகைக்குள்ளேயே சிரித்தாள். வழக்கை அவள் தொடரவில்லை. "உம்மா இல்லாம எனக்கென்னத்துக்கு அந்தப் பேர்? உம்மாவப் பாத்தது நீங்க, நீங்களே வெச்சிக்குங்க" என்றாள். பெயர் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

உம்மாவுக்கு நான் பதம் பார்க்கத்தான் கொடுத்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். நீதவான் வருவதற்கு முந்திய மாலை மட்டும் உம்மாவின் கை இலைக்கு எழவில்லை. "போதும் மகள்" என்று உதடு அசைந்தது. தாடையைப் பிடித்து, துண்டு துண்டாக நான்தான் வாயில் வைத்தேன். பிஸ்மியும் நானே சொன்னேன். பெட்டியில் அடைத்து வைத்திருந்த தொதல் அது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவேயில்லை.