தொண்ணூற்றொன்பது

பகலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் உடம்புக்கு நல்லதாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் கணவர் பேசிக்கொண்டே இருப்பார். கல்லூரி முதல்வராக இருந்தவர். அவர் பணி ஓய்வு பெற்றபோது உண்மையில் ஓய்வு கிடைத்தது கல்லூரிக்குத்தான் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

நுரையீரல் கெட்டதும் வகுப்பு கட்டிலுக்கு மாறியது. தபால்காரரைக்கூட விடமாட்டார். "மூச்சுச் செயலிழப்பு ரெண்டு வகைப்பா. ஆக்சிஜன் மட்டும் குறைஞ்சா முதல் வகை. அது யாருக்கு வேணா வரும். கரியமில வாயுவும் வெளியே போகாம தேங்கினா ரெண்டாவது. நமக்கு ரெண்டாவது." பதவி உயர்வு வந்த மாதிரிச் சொல்வார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். அதற்காகப் பேச்சைக் குறைத்ததில்லை.

தேங்கிய வாயுவை வெளியேற்ற டாக்டர் ஒரு முகமூடி இயந்திரம் கொடுத்திருந்தார். மாட்டினால் பேச முடியாது. ஆகவே அதைக் கழற்றி வைத்துவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவார்.

ஆக்சிஜன் இயந்திரத்தின் குமிழ் ஒன்று என்ற எண்ணில்தான் இருக்க வேண்டும். ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் நடத்தியவரும் அவரே. "விரல்ல மாட்டற கருவியில ஆக்சிஜன் எனக்குத் தொண்ணூறு காட்டினாப் போதும். அதிகமாக் குடுத்தா கரியமில வாயு ஏறும். முதல்ல தூக்கம் வரும். அப்புறம் எழுப்ப முடியாது. எங்க, திருப்பிச் சொல்லு." தப்பில்லாமல் சொன்னேன்.

அன்று மதியம் குமிழை ஐந்தில் வைத்தேன். கோபமெல்லாம் இல்லை. வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கட்டுமே என்றுதான். ஏதோ ஒரு விளக்கம் பாதியில் நின்றது.

நாத்தனார் வந்தாள். அவர் விரலில் மாட்டியிருந்த கருவியை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, தொண்ணூத்தொம்பது காட்டுது. முகம்கூடச் செவந்திருக்கு. கை கதகதன்னு இருக்கு."

"ஆமா, இன்னிக்குத்தான் அசந்து தூங்கறார்."

"அந்த மூஞ்சில மாட்டற மிஷினை மாட்டிடலாமா?"

"பாவம், எழுப்ப வேண்டாம்."

"எல்லாம் உங்க கவனிப்புதான் அண்ணி. அண்ணன் பேச்சுக்கு வேற யாரா இருந்தாலும் எப்பவோ ஓடியிருப்பாங்க."

எனக்குக் கூச்சமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, ஆக்சிஜன் இயந்திரத்தைத் தடயமென்று நீங்கள் எடுத்துப் போய்விட்டீர்கள். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. சொல் எதுவும் காதில் விழுவதில்லை, நடுவில் வரும் இடைவெளி மட்டும். அடுத்த சொல்லுக்காக நான் விழித்தே கிடக்கிறேன்.

கடைசியில் வேதனைப்பட்டாரா என்று கேட்டீர்கள். இல்லை. நாத்தனார் போன பிறகு ஒருதடவை கண் திறந்தார். இயந்திரத்தின் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. அவ்வளவு பேசியவர் ஒரே வார்த்தைதான் கேட்டார்.

"ஒண்ணுலயா?"

"ஒண்ணுலதாங்க இருக்கு. தூங்குங்க."

தலையசைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் மறுபேச்சில்லாமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. அப்படி நம்பிய மனிதரின் கண்ணெதிரே குமிழை இறக்கி, நான் சொன்னது பொய்யென்று காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.