வெற்று வட்டம்

‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் மென்பொருள் எனக்குப் பிடிக்காது. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டும். யோசிக்காமலா ஒருவன் விரலை வைத்திருப்பான்? இதை என் வலைப்பூவில் பத்து வருடமாக எழுதி வருகிறேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். இந்தக் காவல் நிலையத்துப் படிவம் என் பெயரை மூன்று இடத்தில் கேட்டது. என்னைவிட, அதை வடிவமைத்தவரைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஒரே ஒரு செயலி. தனியாக வசிக்கும் பெரியவர்கள் காலையில் எழுந்ததும் பச்சைப் பொத்தானை ஒருமுறை தொட வேண்டும். உடனே பிள்ளைகளுக்கு ‘அம்மா நலம்’ என்றோ ‘அப்பா நலம்’ என்றோ செய்தி போகும். ஒன்பது மணிவரை தொடாவிட்டால் பிள்ளைகளின் கைபேசியில் அபாய மணி அடிக்கும். அவ்வளவுதான். ஒரே செயலிக்குள் ஊர்ப்பட்டதைத் திணித்துத்தான் புதிய நிறுவனங்கள் பாதி செத்துப்போகின்றன. நாங்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

எங்கள் தொல்லை வேறு. பெரியவர்கள் பொத்தானை மறந்துவிடுவார்கள். ஒருவர் அலுவலகக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு ஓடினார். அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே மகன் செயலியை நீக்கிவிட்டார். இப்படி வாரத்துக்குப் பத்துப் பேர். கூட்டாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் நாற்பது வரி எழுதினேன். பெரியவர் தொடாவிட்டால், அவர் வழக்கமாகத் தொடும் நேரத்தைப் பார்த்து எங்கள் சர்வரிலிருந்து மென்பொருளே செய்தியை அனுப்பிவிடும். தினமும் ஒரே நிமிடத்தில் வந்தால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால் நாலைந்து நிமிடம் முன்னே பின்னே போகும்படி வைத்தேன். அந்த நுணுக்கத்தில் எனக்கு இன்றும் பெருமைதான். தொடர்ந்து மூன்று நாள்வரைதான் அது சமாளிக்கும். நான்காம் நாள் மணி அடிக்கும். கூட்டாளிக்கு இது தெரியாது. அவன் நல்லவன், அவனை விட்டுவிடுங்கள்.

என் திரையில் மட்டும் வித்தியாசம் தெரியும். மனித விரல் தொட்டிருந்தால் நிரம்பிய வட்டம். மென்பொருள் தானே அனுப்பியிருந்தால் வெற்று வட்டம்.

ஒரு மருத்துவமனை எங்களைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. நூறு நாள். மணி வீணாக அடிக்கக் கூடாது, அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமலும் இருக்கக் கூடாது. தேறினால் அவர்களுடைய நோயாளிகள் எல்லோருக்கும் எங்கள் செயலிதான். எத்தனை ஆயிரம் குடும்பங்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தொண்ணூற்றேழாம் நாள், வியாழக்கிழமை, என் மாமியாருக்கு வெற்று வட்டம் விழுந்தது.

தனியாக வசிக்கும் அத்தையும் அந்தச் சோதனையில் ஒருவர். அவர் மறப்பவர் இல்லை. தொண்ணூற்றாறு நாளும் அவருடையது நிரம்பிய வட்டம். “மாப்பிள்ளை, நான் தொட்டுட்டேன், பாத்தீங்களா?” என்று போன் செய்து வேறு சொல்வார். அன்று போன் வரவில்லை. அவருடைய பக்கத்தை நான் பதினான்கு முறை திறந்து பார்த்தேன் என்று நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரிதான். நானும் மனிதன்தானே, பதறாமல் இருக்குமா?

ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். நான் போய்க் கதவைத் திறந்து, அவர் விழுந்து கிடந்தால், காலையில் போன ‘அம்மா நலம்’ பொய் ஆகிவிடும். சோதனை அங்கேயே முடிந்துவிடும். கதவைத் திறக்கும்வரை அது பொய் இல்லை. சோதனை முடிய இன்னும் மூன்றே நாள்தான்.

வெள்ளிக்கிழமையும் வெற்று வட்டம். என் மனைவி காலையில் கைபேசியைப் பார்த்துவிட்டு, அம்மா இன்றைக்குச் சீக்கிரமே எழுந்துவிட்டார் போல என்று சிரித்தாள். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். அத்தையின் கைபேசியில் சார்ஜ் பதினெட்டு சதவீதம் இருந்தது. மதியம் கைபேசியே அணைந்துவிட்டது.

சனிக்கிழமை மூன்றாவது வெற்று வட்டம். அன்று அவள் சமையலறையிலிருந்து வந்து என் மேசை அருகே நின்றாள்.

“அம்மா போனே எடுக்கலைங்க. ரெண்டு நாளா எடுக்கல.”

“காலையில நலம்னு வந்துச்சுல்ல?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்ன? சார்ஜ் போட மறந்திருப்பாங்க.”

சார்ஜ் இல்லாத கைபேசியிலிருந்து எப்படிச் செய்தி வரும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “நீங்க பண்ணினதாச்சே, தப்பா வராது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னை அவள் அவ்வளவு நம்பினாள்.

மறுநாள் ஞாயிறு, நூறாவது நாள். மூன்று நாள் கெடு முடிந்து, காலை ஒன்பது மணிக்கு அபாய மணி அடித்துவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே ஓர் எண்ணை மாற்றினேன். மூன்றை ஏழாக்கினேன். சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று அது கேட்கவில்லை. நான் எழுதியது, எப்படிக் கேட்கும்?

ஞாயிறு சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து தேறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகுதான் மனைவியிடம், வா, அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டோம். புது சார்ஜர் ஒன்றும் வாங்கிப் போனேன்.

குளியலறை வாசலில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வெள்ளி இரவுவரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். கூடத்து விரிப்பை ஒரு கையால் பாதி தூரம் இழுத்திருந்தார். கைபேசி அலமாரி மேல் இருந்தது. எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வியாழக்கிழமை காலையிலேயே தெரியும். போயிருந்தால் பிழைத்திருப்பார்.

இப்போது இந்த மடிக்கணினியில் நீங்களே பாருங்கள். இன்று செவ்வாய். நேற்று எரித்துவிட்டோம், ஆனாலும் அத்தையின் கணக்கை நான் நீக்கவில்லை. ஏழு நாள் கெடு நாளையோடு முடிகிறது, வியாழன் காலை மணி அடிக்கும். இன்று காலை 6.44க்கும் என் மனைவிக்கு ‘அம்மா நலம்’ போயிருக்கிறது. 6.46க்குத் திறந்து படித்திருக்கிறாள்.

அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோபம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செயலியை நீக்கவில்லை, கவனித்தீர்களா? பிடிக்காத செயலியை யாரும் கைபேசியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.